சாலையைக் கடக்கும் வனவிலங்குகள்: மோதலைத் தவிர்ப்பதில் ஓட்டுநரின் பொறுப்பு என்ன?

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனேயின் மேற்கு எல்லையில் உள்ள ஹிஞ்சேவாடி, ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவால் நாடு முழுவதும் அறியப்பட்ட ஊர். தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஏராளமானோர் இங்குள்ள நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர். ஆனால், இந்தப் பூங்காவின் கட்டடங்களைத் தாண்டி மேற்கே சில கிலோமீட்டர் சென்றாலே தெருவிளக்குகள் குறைந்துவிடுகின்றன. முல்ஷி வட்டத்தின் வயல்களும் புதர்க்காடுகளும், அவற்றுக்கு அப்பால் சஹ்யாத்ரி மலைத்தொடரின் குன்றுகளும் தொடங்குகின்றன.

மாண், கோட்டவடே, பிரங்குட், பௌட் போன்ற ஊர்களை இணைக்கும் சாலைகள் ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளும் சில பேருந்துகளும் மட்டுமே சென்ற கிராமச் சாலைகள். இன்று அவற்றில் நள்ளிரவுப் பணி முடிந்து திரும்பும் வாடகை கார்களும், தொழிற்சாலைகளுக்குச் செல்லும் சரக்கு வாகனங்களும், வார இறுதியில் முல்ஷி அணைக்கும் தாம்ஹினி மலைப்பாதைக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களும் ஓடுகின்றன. மனிதர்கள் வீடு திரும்பும் அதே இரவு நேரத்தில்தான் வனவிலங்குகள் இரை தேடியும் நீர் தேடியும் சாலையைக் கடக்கின்றன.

இத்தகைய சாலைகளில் ஒரு விலங்கு அடிபட்டு இறந்தால், பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: 'திடீரென்று குறுக்கே வந்துவிட்டது'. இது எந்த அளவுக்கு உண்மை? ஓட்டுநரால் தவிர்க்கக்கூடியது எது, தவிர்க்க முடியாதது எது? சட்டம் என்ன சொல்கிறது? மோதிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கான விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நகரத்தின் விளிம்பில் காடு

புனே மாவட்டம் மேற்கே மழைவளம் மிக்க சஹ்யாத்ரி மலைகளையும், கிழக்கே வறண்ட புல்வெளிகளையும் கொண்டது. மேற்கே தாம்ஹினி வனவிலங்குச் சரணாலயமும், கிழக்கே சிங்காரா மான்களுக்காகப் பெயர்பெற்ற மயூரேஷ்வர் வனவிலங்குச் சரணாலயமும் உள்ளன. சாஸ்வட் பகுதியின் புல்வெளிகளில் ஓநாய்களும் கழுதைப்புலிகளும் வாழ்கின்றன. வடக்கே ஜுன்னர், அம்பேகாவ், கேட், ஷிரூர் வட்டங்களின் கரும்பு வயல்களில் சிறுத்தைகள் தங்கி, குட்டியும் ஈனுகின்றன. புனே – நாசிக் தேசிய நெடுஞ்சாலை இந்தச் சிறுத்தை வாழிடத்தின் ஊடாகவே செல்கிறது.

வனவிலங்குகள் சரணாலய எல்லைக்குள் மட்டுமே இருக்கும் என்ற எண்ணம் இப்பகுதிக்குப் பொருந்தாது. 2020 டிசம்பர் 9 அன்று புனேயின் கோத்ருட் குடியிருப்புப் பகுதிக்குள் ஒரு காட்டுமாடு வழிதவறி நுழைந்தது. மக்கள் பெருந்திரளாகக் கூடித் துரத்தியதில் பல மணி நேரம் ஓடிக் களைத்த அந்த விலங்கு, பிடிக்கப்பட்ட பின்னர் உயிரிழந்தது. அதே மாதத்தில் ஹிஞ்சேவாடிக்குத் தெற்கே உள்ள பாவ்தனில், மும்பை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி மற்றொரு காட்டுமாடு தென்பட்டது. இம்முறை கூட்டம் தள்ளி நிறுத்தப்பட்டது. விலங்கு செல்வதற்கு வழி விடப்பட்டது. அது மீண்டும் காட்டுப் பகுதிக்குள் சென்றுவிட்டது.

இரண்டு நிகழ்வுகளிலும் விலங்கு ஒரே இனம், நகரமும் ஒன்று. மனிதர்கள் நடந்துகொண்ட விதம் மட்டுமே வேறு. முடிவும் அதனால் வேறாயிற்று. சாலை மோதல்களையும் இதே கோணத்தில்தான் பார்க்க வேண்டியுள்ளது.

மலையைக் கடந்த சிறுத்தை, சாலையைக் கடக்கவில்லை

ஒரு வனவிலங்கின் வாழ்வில் சாலை எத்தகைய தடை என்பதை மகாராஷ்டிரத்தின் 'ஆஜோபா' என்ற சிறுத்தையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஆஜோபா என்றால் மராத்தியில் தாத்தா என்று பொருள். அகமதுநகர் மாவட்டம் (தற்போதைய அகில்யாநகர்) டாக்ளி டோகேஷ்வர் என்ற ஊரில் 2009ஆம் ஆண்டு கிணற்றில் விழுந்த அந்த முதிர்ந்த ஆண் சிறுத்தையை வனத்துறையினர் மீட்டனர். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் அதற்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை பொருத்தினர். பின்னர் அது மால்ஷேஜ் மலைப்பகுதியில் விடப்பட்டது.

அடுத்து நடந்தது ஆய்வாளர்களையே வியக்கச் செய்தது. அந்தச் சிறுத்தை ஏறத்தாழ ஒரு மாதத்தில் 120 கி.மீ. அளவுக்கு நடந்து, மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சென்றடைந்தது. வழியில் மும்பை – ஆக்ரா நெடுஞ்சாலையையும், ரயில் பாதையையும், வசாய் கழிமுகத்தையும் அது கடந்தது. ஊர்களை ஒட்டி நடந்தபோதும் அது யாரையும் தாக்கியதாகப் புகார் எழவில்லை. பெரும்பாலும் இரவில், மனிதர் கண்ணில் படாமலே அதன் பயணம் அமைந்தது.

ஆனால் 2011 டிசம்பரில், மும்பை – அகமதாபாத் நெடுஞ்சாலையைக் கடக்க முயன்றபோது அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஆஜோபா இறந்தது. அதன் கதை 2014இல் அதே பெயரில் மராத்தித் திரைப்படமாகவும் வெளிவந்தது. மலைகளையும் நீர்நிலைகளையும் கடக்கத் தெரிந்த ஒரு விலங்குக்கு, வேகமாக வரும் வாகனத்தைக் கணிக்கத் தெரியவில்லை. அந்தக் கணிப்பைச் செய்யக்கூடியவர் வாகனத்தின் உள்ளே இருந்தவர் மட்டுமே.

விலங்குகள் ஏன் விலகி ஓடுவதில்லை?

வாகனத்தின் ஓசையைக் கேட்டதும் விலங்கு ஓடிவிடும் என்று பல ஓட்டுநர்கள் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை தவறானது. இரவில் நடமாடும் பெரும்பாலான பாலூட்டிகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இருளில் பார்க்க உதவுவதும், வாகன வெளிச்சத்தில் அவற்றின் கண்களை மின்னச் செய்வதும் இந்தப் படலமே. குறைந்த ஒளிக்குப் பழகிய அந்தக் கண்கள் மீது சக்திவாய்ந்த முகப்பு விளக்கின் ஒளி பாயும்போது, விலங்குக்கு எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அது உறைந்து நிற்கிறது.

இயற்கையான எதிரிகளிடமிருந்து தப்பும் பழக்கங்களும் சாலையில் எதிர்விளைவை ஏற்படுத்துகின்றன. முயல் வளைந்து வளைந்து ஓடும். முள்ளம்பன்றி ஓடாமல் முட்களைச் சிலிர்த்து நிற்கும். எறும்புத்தின்னி உடலைச் சுருட்டிக்கொள்ளும். மான் கூட்டத்தில் ஒன்று கடந்துவிட்டால், பின்னால் நிற்பவை வாகனத்தைப் பொருட்படுத்தாமல் அதைத் தொடர்ந்து ஓடும். சிறுத்தையிடமோ செந்நாயிடமோ பலன் தரக்கூடிய இந்த உத்திகள் எதுவும் வாகனத்திடம் பலிப்பதில்லை.

பகலில் வெயிலை உள்வாங்கிய தார்ச்சாலை இரவிலும் வெதுவெதுப்பாக இருப்பதால், பாம்புகள் அதன் மீது வந்து படுக்கின்றன. பருவமழைத் தொடக்கத்தில் சஹ்யாத்ரி மலைச்சாலைகளில் தவளைகளும் நண்டுகளும் பெருமளவில் வெளியே வருகின்றன. அடிபட்டு இறந்த சிறு உயிர்களை உண்ண நரிகளும் பறவைகளும் சாலைக்கு வருகின்றன, அவையும் அடிபடுகின்றன. சுற்றுலா வாகனங்களிலிருந்து வீசப்படும் உணவுக் கழிவுகள் குரங்குகளையும் காட்டுப்பன்றிகளையும் சாலையோரத்துக்கு இழுக்கின்றன. ஆகவே, ஓடும் வாகனத்திலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வீசுவதும் அடுத்த விபத்துக்கு வழிவகுக்கும் செயலே.

'திடீரென்று' என்பதன் கணக்கு

ஒரு தடையைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குச் சராசரியாக ஒன்றரை விநாடி ஆகும். அந்த ஒன்றரை விநாடியும் வாகனம் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பிறகே பிரேக்கின் வேலை தொடங்குகிறது. உலர்ந்த, நல்ல நிலையில் உள்ள தார்ச்சாலையில் ஒரு கார் முழுமையாக நிற்பதற்குத் தேவைப்படும் மொத்தத் தூரத்தை எளிய இயற்பியல் கணக்கின் மூலம் தோராயமாக அறியலாம்.

மணிக்கு 40 கி.மீ. வேகம் – சுமார் 26 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. வேகம் – சுமார் 45 மீட்டர்
மணிக்கு 70 கி.மீ. வேகம் – சுமார் 57 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. வேகம் – சுமார் 69 மீட்டர்
மணிக்கு 100 கி.மீ. வேகம் – சுமார் 98 மீட்டர்

இனி வெளிச்சத்தின் கணக்கு. எதிரே வாகனம் வரும்போது பயன்படுத்த வேண்டிய லோ பீம் விளக்கு, சாலையில் உள்ள ஒரு விலங்கைத் தெளிவாகக் காட்டும் தூரம் ஏறத்தாழ 50 மீட்டர்தான். அப்படியானால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர் விலங்குக்குச் சற்று முன்பாக வாகனத்தை நிறுத்திவிட முடியும். 80 கி.மீ. வேகத்தில் செல்பவர், பிரேக்கை முழுமையாக அழுத்தினாலும், மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் விலங்கின் மீது மோதுவார். 100 கி.மீ. வேகத்தில் செல்பவர் மோதும் கணத்திலும் அவரது வேகம் 90 கி.மீ.க்கு மேல் இருக்கும். அதாவது, அவருடைய பிரேக் ஏறக்குறைய எந்தப் பயனும் அளித்திருக்காது.

விலங்கு ஒரே இடத்தில்தான் நிற்கிறது. முதல் ஓட்டுநருக்கு அது 'முன்னால் நின்ற விலங்கு'. மூன்றாவது ஓட்டுநருக்கு அது 'திடீரென்று வந்த விலங்கு'. பல நேரங்களில் திடீர்த்தன்மை என்பது விலங்கின் நடத்தையில் இல்லை; வாகனத்தின் வேகத்தில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. மத்திய அரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவிக்கையின்படி, நெடுஞ்சாலை வகையில் சேராத பிற சாலைகளில் கார்களுக்கான உச்சவரம்பு மணிக்கு 70 கி.மீ. ஆகும். மாநில அரசுகள் இதைவிடக் குறைவான வரம்பையும் நிர்ணயிக்கலாம். ஆனால் மேற்கண்ட கணக்கின்படி, 70 கி.மீ. வேகத்தில் நிற்பதற்குத் தேவையான தூரமே லோ பீம் வெளிச்சம் எட்டும் தூரத்தைத் தாண்டிவிடுகிறது. மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். ஈரச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் நிற்பதற்கே சுமார் 60 மீட்டர் தேவைப்படலாம். எனவே வேக வரம்புப் பலகை என்பது மீறக் கூடாத எல்லையே தவிர, எட்ட வேண்டிய இலக்கு அல்ல. விளக்கின் ஒளி எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுச் சாலையில் பொறுப்பான வேகம்.

ஆபத்து விலங்குக்கு மட்டுமல்ல

வளர்ந்த ஆண் காட்டுமாட்டின் எடை 700 கிலோவிலிருந்து 1,000 கிலோ வரை இருக்கும். கடமானின் கால்கள் உயரமானவை என்பதால், கார் மோதும்போது அதன் உடல் முகப்புக் கண்ணாடியின் மீது விழும் அபாயம் உண்டு. இருசக்கர வாகனத்தில் செல்பவருக்கோ காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி போன்ற நடுத்தர அளவுள்ள விலங்குகளே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது இரு தரப்புக்கும் பொருந்தும் விதி.

விலங்கைக் காப்பாற்றும் பதற்றத்தில் ஸ்டியரிங்கைச் சட்டென ஒடிப்பதும் பெரும் ஆபத்தானது. மரத்தில் மோதுவது, பள்ளத்தில் கவிழ்வது, எதிரே வரும் வாகனத்தின் மீது பாய்வது ஆகியவை இதனால் நேரலாம். தடத்தை விட்டு விலகாமல், பிரேக்கை உறுதியாக அழுத்துவதே உயிரிழப்பைக் குறைக்கும் வழி. இந்த இக்கட்டான தேர்வு எழாமலிருக்க வேண்டுமானால், வேகத்தை முன்னரே குறைத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குகள் உள்ளிட்ட இயற்கைச் சூழலைப் பாதுகாப்பதும், உயிரினங்களிடம் பரிவு காட்டுவதும் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ(ஜி) பிரிவு கூறுகிறது. இது 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது.

சாலையைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 183ஆவது பிரிவு அதிவேகத்துக்கும், 184ஆவது பிரிவு ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுவதற்கும் தண்டனை விதிக்கின்றன. விபத்துக்குப் பின் ஓட்டுநர் ஆற்ற வேண்டிய கடமைகளை 134ஆவது பிரிவு வரையறுக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு காயமடைந்த மனிதர்களையும், பிறருடைய சொத்துக்கு ஏற்படும் சேதத்தையும் பற்றியே பேசுகிறது. காட்டு விலங்கைப் பற்றி அதில் தனியாக எதுவும் சொல்லப்படவில்லை. ஒரு மாட்டின் மீது மோதியவருக்கு அதன் உரிமையாளர் எதிரே நிற்பார். ஒரு கழுதைப்புலியின் மீது மோதியவருக்கு எதிரே நிற்பவர் யாருமில்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. அச்சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் வரையறை விரிவானது. விலங்கைக் கொல்வதும் காயப்படுத்துவதும் அதில் அடங்கும். தற்செயலான மோதல் அந்த வரையறைக்குள் வருமா என்பது ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பொறுத்து நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம். எனினும், வாகனம் மோதி வனவிலங்கு இறந்த நிகழ்வுகளில் வனத்துறை இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவு செய்வதும், வாகனத்தைக் கைப்பற்றுவதும் வழக்கத்தில் உள்ளன. புலி, சிறுத்தை, யானை போன்ற முதல் அட்டவணை விலங்குகள் தொடர்பான வேட்டைக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

இறந்த விலங்கின் உடல் குறித்தும் சட்டம் தெளிவாக உள்ளது. இறந்து கிடந்த அல்லது தவறுதலாகக் கொல்லப்பட்ட வனவிலங்கு அரசின் சொத்து என்று 39ஆவது பிரிவு கூறுகிறது. அதன் இறைச்சியையோ, நகத்தையோ, முள்ளையோ எடுத்துச் செல்வது தனிக் குற்றமாகும்.

பிற நாடுகளின் சட்டங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், நாய், குதிரை, மாடு, ஆடு போன்ற வளர்ப்பு விலங்குகளின் மீது மோதினால் வாகனத்தை நிறுத்த வேண்டும் என்கிறது. மான் அந்தப் பட்டியலில் இல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களிலோ, மான் போன்ற காட்டு விலங்கின் மீது மோதினால் காவல்துறைக்கோ அப்பகுதி வேட்டைப் பொறுப்பாளருக்கோ உடனடியாகத் தெரிவிப்பது கட்டாயம். காயமுற்ற விலங்கு காட்டுக்குள் சென்று அணு அணுவாக இறப்பதைத் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

நிற்காமல் செல்வதன் விலை

2023 ஆகஸ்ட் 10 அன்று இரவு, மகாராஷ்டிரத்தின் கோந்தியா மாவட்டத்தில், நவேகாவ் – நாக்ஜிரா புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டுச் சாலையில் ஒரு புலி மீது கார் மோதியது. பின்னங்கால்கள் செயலிழந்த நிலையில் அந்தப் புலி சாலையிலிருந்து ஊர்ந்து புதருக்குள் செல்லும் காணொளி சமூக வலைதளங்களில் பரவியது. சிகிச்சைக்காக நாக்பூருக்குக் கொண்டு செல்லும் வழியில் அது இறந்தது. காட்டின் வலிமை மிக்க விலங்கு, சாலையில் எந்த அளவுக்குப் பலவீனமானது என்பதை அந்தக் காட்சி நாட்டுக்குக் காட்டியது.

அடிபட்ட விலங்கு எல்லா நேரங்களிலும் உடனே இறப்பதில்லை. எலும்பு முறிந்த நிலையிலும் அச்சத்தின் வேகத்தில் அது புதருக்குள் ஓடிவிடலாம். 'எழுந்து ஓடிவிட்டது, பிழைத்துக்கொள்ளும்' என்று ஓட்டுநர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில், உட்புறக் காயத்துடன் அது பல மணி நேரமோ பல நாட்களோ தவிக்கக்கூடும். வேட்டையாட இயலாத நிலையில் உள்ள காயமுற்ற சிறுத்தை, ஊரை நெருங்கி வரும் ஆபத்தும் உண்டு. தகவல் தெரிவிப்பது அந்த விலங்குக்கு மட்டுமல்ல, அருகில் வசிக்கும் மக்களுக்கும் செய்யும் கடமையாகும்.

மோதிவிட்டால் செய்ய வேண்டியவை

முதலில், வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் எரியவிட வேண்டும். பயணிகளில் யாரேனும் காயமடைந்துள்ளனரா என்று பார்க்க வேண்டும். பின்னால் வரும் வாகனங்களை எச்சரிப்பது அவசியம்; ஒரே விலங்கின் மீது அடுத்தடுத்த வாகனங்கள் மோதுவது இரவில் எளிதில் நிகழக்கூடியது.

இரண்டாவதாக, விலங்கின் அருகில் செல்லக் கூடாது. வலியில் இருக்கும் விலங்கு, உதவ வருபவரையும் எதிரியாகவே கருதும். சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி ஆகியவை இறந்ததுபோல் கிடந்து திடீரெனப் பாயக்கூடும். அவற்றின் மீது விளக்கொளியைப் பாய்ச்சுவதும், கூட்டம் சேர்ப்பதும், படம் எடுக்க நெருங்குவதும் அவற்றின் அச்சத்தை அதிகப்படுத்தும். மயக்க நிலையில் உள்ள விலங்கின் வாயில் நீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் சென்று உயிரைப் பறிக்கலாம்.

மூன்றாவதாக, உடனே தகவல் தெரிவிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் வனத்துறையின் உதவி எண் 1926. நாட்டின் எந்தப் பகுதியிலும் 112 என்ற அவசர எண்ணை அழைத்து, வனத்துறைக்குத் தகவல் அனுப்புமாறு கோரலாம். சாலையின் பெயர், கிலோமீட்டர் கல், கைப்பேசி காட்டும் இருப்பிடம், நேரம், விலங்கின் நிலை, அது சென்ற திசை ஆகிய விவரங்கள் மீட்புக் குழுவுக்கு மிகவும் உதவும். ஹிஞ்சேவாடிக்கு அருகிலுள்ள பாவ்தனில், காயமுற்ற வனவிலங்குகளுக்கான இடைக்காலச் சிகிச்சை மையம் செயல்படுகிறது. தகவல் விரைவாகக் கிடைத்தால்தான் அத்தகைய மையங்களால் பயன் உண்டு.

வனவிலங்கைத் தாமே காரில் ஏற்றிச் செல்வது, நல்ல நோக்கத்துடன் செய்தாலும், ஓட்டுநருக்கும் விலங்குக்கும் ஆபத்தாகவும் சட்டச் சிக்கலாகவும் முடியலாம். வாகனச் சேதத்தைப் பொறுத்தவரை, விரிவான காப்பீட்டில் உள்ள சொந்தச் சேதப் பகுதி பொதுவாக விலங்கு மோதலையும் உள்ளடக்கும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த இழப்பீடு கிடைக்காது. தகவல் தெரிவித்ததற்கான பதிவு இருப்பது காப்பீட்டுக் கோரிக்கைக்கும் துணையாக இருக்கும்.

சாலை அமைப்பவரின் பொறுப்பு

முழுப் பொறுப்பையும் ஓட்டுநர் மீது சுமத்துவது நியாயமாகாது. விலங்குகளின் வழித்தடத்தில் சாலையை அமைப்பவருக்கும் பொறுப்பு உண்டு. மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகப் பகுதி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44இல், விலங்குகள் சாலைக்கு அடியில் கடந்து செல்ல 9 கட்டமைப்புகள் உருவாக்கப்பட்டன. அவற்றில் சில 750 மீட்டர் நீளம் கொண்டவை. 2019ஆம் ஆண்டு இந்திய வனவிலங்கு நிறுவனம் பொருத்திய தானியங்கிக் கேமராக்களில், 18 வகை வனவிலங்குகள் இந்தப் பாதைகளைப் பயன்படுத்தியது பதிவானது. புலிகள் மட்டும் 89 முறை கடந்திருந்தன. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேலிகளும், 44 மேல் – கீழ்ப் பாதைகளும் அமைக்கப்பட்டன. அதன் பின் விலங்கு – வாகன மோதல்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன.

கட்டுமானம் இயலாத இடங்களில் நேரக் கட்டுப்பாடு பயன்படுகிறது. கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில், 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. தமிழகத்தின் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையை உள்ளடக்கிய பண்ணாரி சாலையில், 2012க்கும் 2021க்கும் இடையே 150க்கும் மேற்பட்ட விலங்குகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தன. அவற்றில் 8 சிறுத்தைகளும் அடங்கும். இதையடுத்து, மாவட்ட நிர்வாகம் 2019இல் பிறப்பித்திருந்த இரவுநேரக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உத்தரவிட்டது. உள்ளூர் மக்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து அவர்களுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது.

ஹிஞ்சேவாடியைச் சுற்றியுள்ள சாலைகளுக்கு இத்தகைய தடை பொருந்தாது. அவை மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாலைகள். ஆயினும், முல்ஷி, மாவல், ஹவேலி, போர் வட்டங்களின் வழியே புனே சுற்றுவட்டச் சாலையின் மேற்குப் பகுதி திட்டமிடப்பட்டுள்ள நிலையில், விலங்குகளுக்கான கடவுப்பாதைகள் பற்றிய கேள்வி இப்பகுதிக்கு மிக முக்கியமானது. சாலை அமைந்த பின் கடவுப்பாதை கட்டுவதைவிட, வரைபடத்திலேயே அதைச் சேர்ப்பது எளிது, செலவும் குறைவு.

இரவுப் பணியாளர்களை அழைத்துச் செல்லும் வாகனங்களை இயக்கும் நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஓர் இரவில் இத்தனை நடை, இத்தனை நிமிடத்தில் அடுத்த பணியாளர் என்று நெருக்கடி கொடுக்கப்படும் ஓட்டுநரிடம், மெதுவாகச் செல்லுமாறு அறிவுரை கூறுவதில் பொருளில்லை. இருண்ட சாலைப் பகுதிகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கினால், விலங்கு, ஓட்டுநர், பயணி ஆகிய மூவருக்கும் அது பாதுகாப்பாக அமையும்.

ஓட்டுநரின் கையில் உள்ளவை

அந்தி மயங்கும் நேரமும் விடியற்காலையும் விலங்கு நடமாட்டம் மிகுந்த நேரங்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சிவப்பு விளிம்பு கொண்ட முக்கோண எச்சரிக்கைப் பலகையில் விலங்கின் உருவம் இருந்தால், அங்கு ஏற்கெனவே விலங்குகள் கடக்கின்றன என்று பொருள். ஓடைப் பாலங்கள், வளைவுகள், இருபுறமும் புதர் அடர்ந்த பகுதிகள், உயரமாக வளர்ந்த கரும்பு வயல்கள் ஆகியவற்றை நெருங்கும்போது பலகை இல்லாவிட்டாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எதிரே வாகனம் இல்லாதபோது ஹைபீம் விளக்கு தொலைவிலேயே விலங்கைக் கண்டறிய உதவும். கண்கள் மின்னுவதைக் கண்டவுடன் வேகத்தைக் குறைத்து, லோ பீமுக்கு மாற்றினால் விலங்குக்கு வழி தெரியும். ஒரு விலங்கு கடந்துவிட்டால் அடுத்தது வருமா என்று சில விநாடிகள் காத்திருப்பது நல்லது. மான்களும் காட்டுப்பன்றிகளும் பெரும்பாலும் கூட்டமாகவே செல்கின்றன. சிறுத்தைக்குப் பின்னால் குட்டிகள் வரலாம்.

பத்து கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் இருண்ட சாலைப் பகுதியை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கடக்க ஏழரை நிமிடம் ஆகும். 50 கி.மீ. வேகத்தில் சென்றால் 12 நிமிடம் ஆகும். வேறுபாடு நான்கரை நிமிடம். சாலையின் நடுவே உறைந்து நிற்கும் ஓர் உயிர் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும், பல இரவுகளில், அந்த நான்கரை நிமிடத்தை விட்டுக்கொடுக்க ஓட்டுநர் தயாராக இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே அமைகிறது.